பதினோரு மூடிகள்

டீச்சர்,

இன்று காலையும் போத்தல்கள் வியர்த்திருந்தன. பசறைப் பனி உங்களுக்குத் தெரியும், விடிந்து எட்டு மணியாகியும் ஜன்னலைத் திறக்க விடாது. தேநீர்க் கோப்பையோடு ஜன்னலோரத் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். பன்னிரண்டு ஜாம் போத்தல்கள், எல்லாவற்றின் உள்பக்கமும் முத்து முத்தாகத் தண்ணீர். உள்ளே என்ன நடக்கிறதென்று ஒன்றும் தெரியவில்லை. என் வலது கை தானாக எழுந்து முதல் போத்தலின் மூடிமேல் போய் உட்கார்ந்துகொண்டது. நான் சொல்லி அது போகவில்லை. தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பிரசவம் பார்த்த கை. உள்ளே மூச்சு முட்டுகிறது என்று கண் சொன்னால் போதும், என்னைக் கேட்காமலே ஓடும்.

"சீ, எடுடி கைய" என்று சத்தமாகச் சொன்னேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், கேட்டுச் சிரிக்க? கையை எடுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். அதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. சொல்லாமல் விட்டேன். நீங்களும் கடைசிவரை உங்கள் கையையே பழித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நேரே அங்கே போகத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன். உங்களுக்குப் பொறுமை கிடையாது, தெரியும். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டைப் பலகை அடித்து இரண்டாக்கி, ஒரு பாதியில் தோட்டத்து மிட்வைஃபான என்னையும் மறு பாதியில் யாழ்ப்பாணத்திலிருந்து விவசாயம் படிப்பிக்க வந்த உங்களையும் குடிவைத்தார் வீட்டுக்கார ஐயா. இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. எனக்குப் புருஷன் போய் வெகுகாலம், நீங்கள் கல்யாணமே வேண்டாமென்று இருந்தவர். முதல் வாரம் முழுக்க உங்கள்மேல் எனக்கு ஆத்திரம். நர்ஸம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி 'மிஸி' என்று கூப்பிட்டுவிட்டு, பேச்சுக்குப் பேச்சு 'நீர்', 'நீர்' என்கிறாரே, தோட்டத்துப் பொம்பளை என்று இளக்காரமா என்று பொருமினேன். ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மா விளக்கினார்: அது மரியாதை குறைந்ததல்ல, நெருங்கினவர்களைத்தான் அப்படிச் சொல்வார்களாம். அடடா, ஒரு வாரம் வீணாகக் கோபப்பட்டேனே என்று ஒரு கிண்ணம் ரசத்தோடு வந்து உங்கள் கதவைத் தட்டினேன்.

கிளை விழுந்தது அதற்கு அடுத்த ஆடியில். கச்சான் காற்று இரண்டு நாளாக அடித்து ஓய்ந்திருந்தது. தோட்டத்து ரோட்டில் விழுந்து கிடந்த ஒரு கொப்பை நான் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தீர்கள்.

"நில்லும், நில்லும்! உந்தக் கொப்பை எங்க கொண்டு போறீர்?"

"அடுப்புக்குங்க டீச்சர். காஞ்சிருக்கு, நல்லா எரியும்."

"அடுப்புக்கோ! ஐயோ மிஸி, கீழ வையும் முதல்ல!"

சவர்க்கார நுரையோடு ஓடி வந்தீர்கள். கொப்பின் பட்டையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு இலை, ஒரு காய்ந்த பூக்காம்பு, அதில் ஏலக்காய் பருமனில் ஒரேயொரு காய். எங்கள் பக்கம் அதையெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் அது ஓர்கிட் என்றீர்கள், வாயில் நுழையாத ஒரு பெயரும் சொன்னீர்கள். "பேரெல்லாம் அப்புறம் வைக்கலாங்க, பிள்ள பொறக்கட்டும்" என்றேன். அந்தச் செடியைக் கொப்போடு பின்கதவோரம் கட்டித் தொங்கவிட்டீர்கள், அன்றிலிருந்து அவள் உங்களுக்குச் 'சின்னவள்'.

அந்தக் காயைச் செய்தித்தாள்மேல் வைத்துப் பிளந்தது நினைவிருக்கிறதா? மஞ்சள் நிறத்தில் தூள். நான் விதை எங்கே என்று தேடினேன். "உதுதான் விதை. தும்மிப்போடாதையும், எல்லாம் பறந்திடும்" என்றீர்கள். பிறகு வாயைப் பொத்தியபடியே பாடம் நடத்தினீர்கள். மற்ற விதைக்கெல்லாம் உள்ளேயே கொஞ்சம் சாப்பாடு உண்டு, பயறுக்கு உண்டு, நெல்லுக்கு உண்டு, இதற்கு ஒன்றும் கிடையாது. மரப்பட்டையில் இருக்கிற ஒரு பூஞ்சணம் இரக்கப்பட்டு ஊட்டினால் முளைக்கும். இல்லாவிட்டால் நாம் போத்தலுக்குள் வைத்து ஊட்ட வேண்டும். ஊட்டுகிற சாப்பாட்டில் வேறு கிருமி நுழைந்தால் அது முந்திக்கொண்டு எல்லாவற்றையும் தின்றுவிடும்.

"அப்ப தாய்ப்பால் இல்லாம பொறந்த பிள்ளைனு சொல்லுங்க" என்றேன்.

நீங்கள் பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தீர்கள். "ஓம் மிஸி. என்ர பிள்ளையளுக்கு நான் இவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுக்கேல்லை."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். கிருமி போக்குவது என் தொழில். அவிப்பதும் கழுவுவதும் ஸ்பிரிட் பூசுவதும் எனக்குச் சாப்பிடுகிற மாதிரி. நோன்புக் காலத்தில் கடைக்கு வருகிற, காய்ச்சி ஆறினால் கட்டியாகிற கடற்பாசியைப் பதுளையில் வாங்கி வந்தோம். அதில் சீனியும் இளநீரும் மசித்த வாழைப்பழமும் போட்டுக் காய்ச்சி, ஜாம் போத்தலில் ஊற்றி, மூடியில் ஆணியால் துளையிட்டுப் பஞ்சு அடைத்து, பிரஷர் குக்கரில் அவித்தோம். காற்றுப்படாமல் வேலை செய்ய ஒரு மீன் தொட்டியைப் படுக்கவைத்து, வாய்ப்பக்கம் பொலித்தீன் ஒட்டி, கை நுழைக்க இரண்டு ஓட்டை போட்டீர்கள். வீட்டுக்கார ஐயா எட்டிப் பார்த்து, "மீன் எங்க டீச்சர்?" என்று கேட்டார். "மீன் இல்லை, இதுக்க பூ வளர்க்கப் போறம்" என்றீர்கள். மனுஷன் என்னைப் பார்த்தார். நானும் பெரிய படிப்பாளி மாதிரித் தலையாட்டினேன்.

முதல் இரண்டு தடவையும் எல்லாம் பூஞ்சணம். கறுப்பு, ரோசா, சாம்பல் என்று தீபாவளிக் கடை மாதிரி விதவிதமாக வந்தது. பழி என் வாய்க்கு. "மிஸி, நீர் கதைக்கக் கதைக்கக் கிருமி பறக்குது. ஒரு மணித்தியாலம் உம்மால வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதோ?" ஏலாதுதான். பிரசவ அறையில்கூட நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன், அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் தெம்பு.

மூன்றாவது தடவை, விதை கலந்த தண்ணீர் ஏற்றிய சிரிஞ்சை என் கையில் கொடுத்தீர்கள். தோட்டத்தில் என் கைக்கு ஒரு பெயர் இருந்தது உங்களுக்குத் தெரியும். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் யாராவது பீன்ஸ் விதை போட்டாலும் முதல் குழிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். மிட்வைஃபம்மாவுக்குக் கைராசி, அவங்க தொட்டா சும்மா போகாது என்பார்கள். "கைராசியும் மண்ணாங்கட்டியும், கழுவின கைதான் நல்ல கை" என்று நீங்கள் எத்தனை தரம் கேலி செய்திருப்பீர்கள்! ஆனால் அன்றைக்கு, "சரி, உம்மட ராசியை ஒருக்காப் பாப்பம்" என்றீர்கள். வாயில் துணி கட்டிக்கொண்டு ஆறு போத்தலில் விதைத்தேன். ஐந்து கெட்டது. ஒன்று சுத்தமாக நின்றது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பலகைச் சுவர் இடிந்து விழுகிற மாதிரித் தட்டினீர்கள். "மிஸி! மிஸி! ஓடி வாரும்!" பாம்புதான் என்று நினைத்து விறகுக் கட்டையோடு ஓடி வந்தேன். போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தீர்கள். உள்ளே பச்சை ரவை தெளித்ததுபோல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நீங்கள் அழுதுவிட்டீர்கள். நான் எத்தனையோ பிள்ளைகளைத் தலைகீழாகப் பிடித்து அழ வைத்தவள், நானும் விறகுக் கட்டையைப் போட்டுவிட்டு அழுதேன். அந்த வாரம் நான் போன லயமெல்லாம் இதே பேச்சுத்தான். நீங்களும் ஸ்கூலில் போய், விதைத்தது எங்கட மிஸி என்று சொன்னீர்களாம். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பின்னால் வந்த வினைக்கு அதுவும் ஒரு காரணம், டீச்சர்.

பச்சைப் புள்ளிகளுக்கு இலை வந்து, வேர் வந்து, ஒரு போத்தலுக்குள் சந்தை மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றபோது, புதுப் போத்தல்களுக்கு மாற்றி நட வேண்டும் என்றீர்கள். அதற்குள் உங்கள் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. கரும்பலகையில் கோடு கீறினால் நெளிகிறது என்று பிள்ளைகள் சிரித்ததாகச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு நீங்களும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியும் அது என்ன நடுக்கமென்று.

"நான் நட்டுத் தாறேங்க, குடுங்க" என்றேன்.

"இல்லை மிஸி, இதை நான்தான் செய்யோணும். இன்னும் எவ்வளவு நாளைக்கு இந்தக் கை சொல்லுக் கேக்குமோ தெரியாது."

சுருட்டிய துவாயின்மேல் மணிக்கட்டை வைத்துக்கொண்டு, சாவணத்தின் நுனியால் ஒவ்வொன்றாக இடுக்கி எடுத்து நட்டீர்கள். பக்கத்தில் நான் வாய் பேசாமல் நின்றேன். பன்னிரண்டு போத்தல். இடையில் ஒரு தரம் சாவணம் போத்தலின் விளிம்பில் பட்டு 'டிங்' என்றது. நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதலில் நட்ட போத்தலை என்னிடம் நீட்டினீர்கள். "இது உம்மட முருகனுக்கு. அவர் பாத்துக்கொள்ளட்டும். மிச்சம் பதினொண்டையும் விஞ்ஞானம் பாக்கும்." கேலிதான். ஆனால் நான் அதை வாங்கிக் கதிர்காமத்தில் வாங்கிய படத்துக்குப் பக்கத்தில், சாமித் தட்டில் வைத்தேன். பதினொன்று உங்கள் ஜன்னல் தட்டில் இருந்தன.

இரண்டு நாளில் மார்கழி லீவு வந்தது. கையைக் காட்ட யாழ்ப்பாணம் போனீர்கள். போகும்போது உங்கள் கதவுத் திறப்பைத் தந்துவிட்டு என்ன சொன்னீர்கள்? "ஒண்டும் செய்யவேண்டாம் மிஸி. ஒருநாளைக்கு ஒருக்காப் போய்ப் பாரும். பாத்தாப் போதும்."

பார்த்தால் போதும்! ஒரு மிட்வைஃபிடம் சொல்கிற பேச்சா இது?

இப்போது அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். இனிச் சுற்ற வழியில்லை.

லயத்தில் பிள்ளை பிறந்த வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். காற்றுப் பட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் பழந்துணி அடைத்து, உள்ளே சாம்பிராணிப் புகையும் போட்டு வைத்திருப்பார்கள். சுவரெல்லாம் வியர்த்து ஒழுகும். நான் போன வீட்டிலெல்லாம் பிள்ளையைப் பார்க்கிறதுக்கு முதலே ஜன்னலைத் திறப்பேன். கிழவிகள் கத்துவார்கள், நானும் பதிலுக்குக் கத்துவேன். "பிள்ளைக்கு மூச்சு முட்டுது, திறங்கடி!" அப்படித் திறந்து பிழைத்த பிள்ளைகள் இன்றைக்கும் ரோட்டில் என்னைக் கண்டால் நின்று பேசுகிறார்கள். வாழ்நாள் முழுக்க நான் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டென்றால் அது ஜன்னல் திறந்ததுதான்.

நீங்கள் போன மூன்றாம் நாள் நல்ல மழை. உங்கள் அறைக்குள் போனேன். பதினோரு போத்தலும் உள்ளே வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தன. துடைத்துப் பார்த்தால், இலை நுனி மஞ்சளடித்திருந்தது. ஒன்று சாய்ந்தே கிடந்தது. பஞ்சு வழியாக வருகிற காற்றுப் போதும், மாற்றி நட்டால் கொஞ்ச நாள் வாடித்தான் நிமிரும் என்றெல்லாம் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். எல்லாம் காதில் விழுந்ததுதான். ஆனால் கண் முன்னால் மூச்சு முட்டுகிறதே! கையை முழங்கை வரை கழுவினேன், ஸ்பிரிட் பூசினேன், அவித்த துணியை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மூடியாகத் திறந்தேன். மூன்று மூச்சு விடுகிற நேரம்தான். உள்பக்கத்து ஈரத்தைத் துடைத்து மூடினேன். தண்ணீர் வடிந்து போத்தல்கள் தெளிவாகின. எனக்கு அவ்வளவு நிம்மதி. மறுநாளும் திறந்தேன். ஐந்து நாள் திறந்தேன், டீச்சர். பதினொன்றையும்.

சாமித் தட்டிலிருந்த பன்னிரண்டாவதைத் தொடவில்லை. அதுவும்தான் வியர்த்திருந்தது. ஆனால் சாமியிடம் ஒப்படைத்ததை நோண்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான். முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்த நம்பிக்கையில் பாதியை உங்கள் விஞ்ஞானத்தின்மேல் வைத்திருந்தால் பதினொன்றும் பிழைத்திருக்கும்.

ஆறாம் நாள் ஒரு போத்தலில் வெள்ளை நூல் ஓடியது. நீங்கள் திரும்பி வரும்போது பதினொன்றிலும் பஞ்சு அடைத்ததுபோல் பூஞ்சணம். உள்ளே இலை இருந்ததே தெரியவில்லை.

வந்தவர் தோளிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை. தட்டைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் வலது கையைப் பார்த்தீர்கள்.

"என்ர கைதான் மிஸி. சாவணம் விளிம்பில பட்டதை நீரும் கண்டனீர்தானே."

அப்போது சொல்லியிருக்கலாம். 'இல்லைங்க டீச்சர், நான்தான் தொறந்தேன்' என்று நாலே வார்த்தை. என் வாயில் வந்தது வேறு. "விடுங்க டீச்சர், அடுத்த வாட்டி பாத்துக்குவோம்."

"முருகன்ர போத்தல்?"

"அது நல்லாருக்குங்க."

"ஓம்… அதுதானே முதல்ல நட்டது. அப்ப கை களைக்கேல்லை."

காரணத்தையும் நீங்களே தேடி எடுத்து வைத்துவிட்டீர்கள். எனக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை, வாயை மூடிக்கொண்டு நிற்பதைத் தவிர. ஒரு மணித்தியாலம் சும்மா இருக்க முடியாத என் வாய் அன்றைக்கு மட்டும் அவ்வளவு அழகாக மூடிக்கொண்டது!

ஏன் சொல்லவில்லை என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். பயம். 'சொன்னதைச் செய்யத் தெரியாத தோட்டத்துப் பொம்பளை' என்று ஒரு கணமாவது நினைத்துவிடுவீர்களோ என்ற பயம். கைராசிக்காரி என்ற பெயர் போய்விடுமே என்ற ஆசை. நீங்கள் திட்டியிருப்பீர்கள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பீர்கள், மூன்றாம் நாள் பலகையைத் தட்டிக் குக்கரை எடுத்துவரச் சொல்லியிருப்பீர்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அது அப்போது தெரியவில்லை.

பதினோரு போத்தலையும் நீங்களே சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்தீர்கள். அதற்குப் பிறகு சாவணத்தைத் தொடவில்லை. சந்தையில் கடற்பாசி கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். கை மோசமாகி நீங்கள் வேலையை விட்டதும், தங்கச்சி வந்து அழைத்துக்கொண்டு போனார். பதுளை பஸ் ஸ்டாண்டில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகச் சொன்னீர்கள்: "தொட்டியும் சின்னவளும் உம்மட்டத்தான் இருக்கட்டும். பூத்தா விதைச்சுப் பாரும். உம்மட கை நல்ல கை மிஸி."

"சரிங்க டீச்சர்" என்றேன். பஸ் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றேன். பசறை பஸ் இரண்டு போய்விட்டது.

முருகனின் போத்தலிலிருந்து ஏழு செடி வந்தது. அவற்றை வெளியே எடுத்த நாளில் போனை மேசைமேல் சாய்த்து வைத்து, நீங்கள் சொல்லச் சொல்லச் செய்தேன். உங்கள் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. "வேரில ஒட்டின பாசியை வடிவாக் கழுவும். இல்லாட்டி எறும்பு வரும்." கழுவினேன். தும்பும் கரித்துண்டும் வைத்து நட்டேன். நாலு செடியை நத்தை தின்றது, மூன்று நின்றது. அன்றைக்கு எப்படியோ வாயைத் திறந்தேன். "டீச்சர், அந்தப் பதினோரு போத்தல் இருக்குங்களே…"

"அதை விடும் மிஸி. கைக்கு வயசு போச்சு, என்ன செய்யிறது?"

அந்தப் பக்கத்திலிருந்து நீங்களே கதவைச் சாத்திவிட்டீர்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. செத்தாலும் அந்த 'அப்பாடா'வுக்காக நான் என்னை மன்னிக்க மாட்டேன்.

நீங்கள் போன செய்தி வந்தபோது இங்கே நாலு நாள் மழை, ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. நான் வந்து சேர முடியவில்லை. உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தங்கச்சி போனில் பேசினார். "அக்கா உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும் கதை. தன்ர கையாலதான் அவ்வளவு பூக்கண்டும் செத்ததெண்டு சொல்லிச் சொல்லிக் கவலைப்படுவா. 'மிஸி என்னை ஒரு சொல்லும் சொல்லேல்லை, அவ்வளவு நல்ல மனுசி' எண்டு கடைசியாயும் சொன்னவ."

நல்ல மனுசி. அன்றைக்கு நான் சோறு வடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யார் என்னிடம் சொன்னாலும் எரிந்து விழுகிறேன். லயத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்குவதில்லை, ரிட்டயர் ஆனதும் மிட்வைஃபம்மாவுக்குக் கோபம் கூடிவிட்டது என்கிறார்கள்.

உங்கள் பாதியில் இப்போது ஆளில்லை. வீட்டுக்கார ஐயா வெலிமடையிலிருந்து வருகிற உருளைக்கிழங்கு மூட்டையை அடுக்கிவைத்துப் பூட்டியிருக்கிறார். பூனாகலையில் இருக்கிற தம்பி வந்து கூடவே இரு என்று கூப்பிடுகிறான். போகலாம்தான். ஆனால் செடிகளுக்கு இந்த இடம் பழகிவிட்டது. எனக்கும் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசம் வைத்தால் இன்னமும் நம் இரண்டு பேருக்குமாக வைத்துவிடுகிறேன். பலகையைத் தட்டக் கை போகும், பிறகு நினைவு வரும்.

போன வருடம் சின்னவள் பூத்தாள். காலையில் பின்கதவைத் திறந்தபோது ஏலக்காய் இடித்த கையை முகர்ந்த மாதிரி ஒரு வாசம். தேடிப் போனால் ஒரு காம்பில் அஞ்சு பூ, விரல் நகம் அளவு, வெள்ளைக்குள் ஒரு துளி மஞ்சள். நீங்கள் ஒருநாளும் காணாத பூ. கிளையை நான் தூக்கிக்கொண்டு வந்தபோது பூ முடிந்து காய்தானே இருந்தது. பூவுக்கு முன்னால் குந்திக்கொண்டு, "பாருங்க டீச்சர், வந்துட்டா" என்றேன். ஈர்க்கு நுனியால் மகரந்தத்தைத் தொட்டு வைத்தேன். ஒரு பூ மட்டும் காய் பிடித்தது. மாதக்கணக்கில் மெல்லிய துணி கட்டிக் காவல் காத்தேன்.

காய் மஞ்சளானதும் மீன் தொட்டியைக் கழுவி, குக்கரை ஏற்றி, பன்னிரண்டு போத்தல் தயார் செய்து, நானே விதைத்தேன். இரண்டு மாதம் ஆகிறது. விதைக்கும்போது வாயைத் திறக்கவில்லை. நீங்கள் கேட்டால் நம்ப மாட்டீர்கள், இந்தத் தடவை அது கஷ்டமாகவே இல்லை. பேச ஆளில்லாத வீட்டில் வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன பெரிய வேலை?

முருகனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. அவர் காப்பாற்றித் தந்தது போதும். பன்னிரண்டையும் ஜன்னலோரத்தில், என் கைக்கு எட்டுகிற உயரத்திலேயே வரிசையாக வைத்தேன். எட்டாத இடத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பதில் என்ன இருக்கிறது? தினமும் வியர்க்கிறது. தினமும் கை எழும்புகிறது. தினமும் அதைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்குப் பத்து மணிக்குமேல் வெயில் வந்தது. போத்தல்கள் மெல்லத் தெளிந்தன. மூன்று மூச்சு அல்ல, இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டே நின்றேன். அவை தாமாகவே தெளிந்தன, டீச்சர். யாரும் துடைக்கவில்லை. நீங்கள் தொட்டியோடு விட்டுப்போன பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். நாலாவது போத்தலில் பச்சை ரவை. ஏழாவதிலும். பதினோராவதிலும்.

ஓடிப்போய்ப் பலகையைத் தட்டிவிட்டேன். "டீச்சர்! டீச்சர்! ஓடி வாங்க!" அந்தப் பக்கம் ஒரு உருளைக்கிழங்கு உருண்டு விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கையில் ஒரு குறையும் இருக்கவில்லை. நடுங்கியது உண்மை, விளிம்பில் பட்டதும் உண்மை. ஆனாலும் பன்னிரண்டையும் சுத்தமாகத்தான் நட்டீர்கள். அதற்குச் சாட்சியாகத்தான் அந்த ஒரு போத்தல் நின்றது, நீங்கள் அதையும் உங்கள் கைக்கு எதிராகவே திருப்பிவிட்டீர்கள், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். கெடுத்தது நான். ஊரெல்லாம் ராசி என்று சொன்ன இந்தக் கைதான். தங்கச்சிக்கும் இதையே எழுதி, இந்த மடலோடு சேர்த்து அனுப்பப் போகிறேன். நல்ல மனுசி என்று உங்கள் வீட்டில் யாரும் இனி என்னைச் சொல்ல வேண்டாம்.

நாளைக் காலையும் பனி இறங்கும், போத்தல்கள் வியர்க்கும், நானும் தேநீரோடு போய் நிற்பேன். நீங்கள் சொன்னபடி பார்க்க மட்டும். பன்னிரண்டு மூடியும் வைத்தது வைத்தபடி இருக்குங்க டீச்சர். ஒண்ணையும் தொறக்கல.